ஊவா மாகாணத்தில் முன்னறிவிப்பும் காவற்கடமையும்

குற்றம் நிகழ்ந்தபின் அதனைச் செய்தாரைத் தேடிப் பிடித்தல் காவற்றுறையின் ஒரு தொழில். நிகழுமுன் அறிந்து தடுத்தல் மற்றொரு தொழில். முன்னையதற்குத் தடயமும் சாட்சியும் உண்டு. பின்னையதற்கோ ஒருவர் வந்து சொல்லும் சொல்லே முதலும் முடிவும் ஆகின்றது. ஆதலின், கொடுமை நேரப்போகின்றது என்று வரும் சொல்லை ஓர் ஆட்சி எவ்வாறு ஏற்கின்றது என்பதைக் கொண்டு அவ்வாட்சியின் இயல்பை அறியலாம். சொன்னவர் யார், எம்மொழியிற் சொன்னார், கேட்டவர் அதன்பின் யாது செய்தார் என்னும் வினாக்களை வைத்து ஆராய்தற்கு இலங்கையில் ஊவா மாகாணத்தைப் போன்ற களம் பிறிதொன்று காண்டல் அரிது. பதுளை நகரில் இருந்து ஆண்டோரின் செவிக்கு இருநூறு ஆண்டுகளாகப் பல முன்னறிவிப்புகள் எட்டியுள்ளன. அவற்றுட் சில உடனே செயலாயின, சில செயலாகவேயில்லை. இவ்வேறுபாட்டின் காரணமே ஈண்டு ஆராயப்படுவது.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைப்பட்டது. ஊவாவை மேற்பார்வை செய்யப் பதுளையில் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்னும் அதிகாரி அமர்த்தப்பட்டார். 1817 செத்தெம்பர்த் தொடக்கத்தில் அவருக்கு ஒரு செய்தி கிடைத்தது. வெல்லசைக் காட்டுப்புறத்தில் வேடர் நடுவே அயலான் ஒருவன் தோன்றியுள்ளான்; அவன் தன்னை நாயக்க அரச மரபினன் என்றும் துரைசாமி என்றும் கூறிக்கொள்கின்றான்; மக்கள் அவனைச் சூழ்கின்றனர் என்பது அச்செய்தி. வில்சன் அதனைப் புறக்கணித்தாரல்லர். அவனைப் பிடித்துவருமாறு வெல்லசையின் முஸ்லிம் தலைவரான ஹாஜி முகாந்திரத்தைச் சிலருடன் அனுப்பினார். சென்ற முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் வில்சன் தாமே சிறு படையொன்றுடன் புறப்பட்டார். செத்தெம்பர் நடுப்பகுதியில் அவரும் அம்பெய்து வீழ்த்தப்பட்டார். ஊவாப் பெருங்கிளர்ச்சியின் தொடக்கம் இதுவே.

வில்சனுக்கு வந்த செய்தி பொய்யன்று. அவர் காலந்தாழ்த்தவும் இல்லை. எனினும் அவர் பிழைபட்டார். ஒரு மாகாணம் முழுவதும் உள்ளூறக் கனன்றுகொண்டிருந்த வெறுப்பை ஒரு தனிமனிதனின் ஆள்மாறாட்டமாக அவர் கருதிவிட்டார். அச்செய்தியை வெல்லசை மக்கள் எவ்வாறு கொண்டனர் என்பதை வேறொரு வாயிலாக அவர் ஒத்துப்பார்த்ததாகத் தெரியவில்லை. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைப் பயின்றோர், ஒருவர் கூற்றைப் பிறர் கூற்றோடு வைத்துச் சரிபார்த்தல் ஆட்சியாளர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிவர். ஹாஜி முகாந்திரத்தின் நியமனமே அப்பகுதித் தலைவர்களுக்கு மனக்கசப்பை விளைத்திருந்தது. அவரையே பிடிக்க அனுப்பியமை எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தமை போலாயிற்று. கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொலை கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊவாவின் வயல்களும் நீர்நிலைகளும் ஊர்களும் அடைந்த அழிவு நெடுங்காலம் ஆறவில்லை. அரசமரபினன் என்று தோன்றியவன் வில்பாவ என்னும் ஊரினனாகிய முன்னாட் பிக்கு ஒருவன் என்பது பின்னர் வெளிப்பட்டது.

நிற்க. அழிந்த அந்நிலத்தின் மலைச்சாரல்களிற் கோப்பியும், அது நோயால் மடிந்தபின் தேயிலையும் பயிராயின. நமுனுகலை, பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கங்களிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தோட்டமும் காவற்றுறையும் ஒன்றையொன்று சந்தித்த முறையை விளங்கிக்கொள்ள 1865ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டில் இலங்கைச் சட்ட நிரூபண சபை இரு கட்டளைச் சட்டங்களை இயற்றியது. ஒன்று 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம்; மற்றது 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. குற்றங்களைத் தம்மால் இயன்றவரை தடுத்தல், அமைதியைப் பேணுதல், பொது அமைதியைப் பாதிக்கும் செய்திகளைத் திரட்டி அறிவித்தல் ஆகியவற்றைப் பொலிஸ் அலுவலரின் கடமைகளாக அது விதிக்கின்றது. எவருடைய செய்தி, எவருடைய அமைதி என்ற வேறுபாடு எதனையும் அப்பிரிவு கூறவில்லை. தொழிலாளர் கட்டளைச் சட்டமோ முன்னறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. கூலி ஒப்பந்தத்தை மீறுதல் பிற நாடுகளிற் குடியியல் வழக்காகுமிடத்து, ஈண்டு அது சிறைத்தண்டனைக்குரிய செயலாயிற்று. 1921ஆம் ஆண்டில் அத்தண்டனை நீக்கப்படும்வரை, தோட்டத்துரையின் முறைப்பாடு ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பப் போதியதாயிருந்தது.

ஒரே சபை ஒரே ஆண்டில் ஆக்கிய இவ்விரு சட்டங்களும் மலைநாட்டில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. செய்தி செல்லும் பாதை இதனால் ஒருவழிப் பாதையாயிற்று. துரையின் கடிதம் பொலிஸ் நிலையத்துக்கு நேரே சென்றது. லயத்திலே வாழ்ந்தவனின் சொல்லோ முதலிற் கங்காணியிடமும், பின்னர்க் கணக்கப்பிள்ளையிடமும், அதன்பின் துரையிடமும் ஏறவேண்டியிருந்தது. அவன் அஞ்சியது அவர்களுள் ஒருவரையே எனின், அச்சொல் பெரட்டுக்களத்திலேயே நின்றுவிடும். தோட்டம் தனியார் நிலம். வெளியார் உள்ளே வருதற்கும் தடையுண்டு. தொழிலாளி பொலிசாரை அறிந்தது தன்னைத் தேடி வருவோராகவே; தான் தேடிச் செல்லத்தக்கவராக அன்று.

1940ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்கும். அவ்வாண்டு சனவரியில் ஊவாவுக்கு வெளியே, ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் வெடிக்குப் பலியானார். அதனையொட்டி எழுந்த வழக்குகள் குறித்து உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக்கவின் அறிவுறுத்தலைப் பொலிஸ் மா அதிபர் ஏற்க மறுத்தார்; தேசாதிபதி பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார்; அமைச்சர்கள் பதவி துறந்தனர். காவற்றுறை எவர்க்குப் பொறுப்புடையது என்னும் வினா நாடாளவிய வினாவாயிற்று. அவ்வலை சில மாதங்களில் ஊவாவுக்கும் பரவியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையிலியங்கிய சங்கத்தின் கீழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, தோட்டத்துரை தொழிலாளர் குழுவைக் கலந்தே செயற்படவேண்டும் என்னும் இணக்கத்தையும் பெற்றனர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந்தாங்கிய பொலிஸ் அணியைத் தொழிலாளர் நிராயுதபாணியாக்கினர் என்று இடதுசாரி இயக்க வரலாறுகள் கூறும். அவ்வாண்டு யூன் மாதத்திற் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர்.

இந்நிகழ்ச்சிகளிற் கவனித்தற்குரியது காவற்றுறையின் விரைவு. தோட்டத்தில் அமளி உண்டாகலாம் என்று துரைமார் விடுத்த சொல்லுக்கு, மலைப்பாதையைக் கடந்து துப்பாக்கி ஏந்திய அணிகள் வந்தன. முன்னறிவிப்புக்கு இணங்கச் செயற்படும் ஆற்றல் இலங்கைப் பொலிசாரிடம் என்றும் இல்லாதிருந்ததில்லை. பின்வரும் நிகழ்ச்சிகளுக்கு ஆட்பற்றாக்குறையையும் பயிற்சிக் குறைவையும் காரணங்காட்டுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

சுதந்திரத்தின்பின் தோட்டத் தமிழரின் சொல் மேலும் வலுவிழந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராகவே, 1952இல் அவர்களுக்கென ஓரிடமேனும் கிட்டவில்லை. 1956இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. வாக்கில்லாதவனின் முறைப்பாடு, அவன் அறியாத மொழியிலே எழுதப்பட்டது. தான் சொன்னது யாதென எழுதப்பட்டது என்பதை அவன் படித்தறிய வழியில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் பல இருமொழிப் பிரிவுகளாகவும் பின்னர் அறிவிக்கப்பட்டன. சட்டம் மாறியதென்பது உண்மை. பொலிஸ் நிலையத் தகவற் புத்தகம் அதே விரைவில் மாறியதெனல் இயலாது.

1983 யூலையில் கொழும்பில் வன்செயல் மூண்டது 24ஆந் திகதி இரவு. பதுளை மூன்று நாட்கள் அமைதியாயிருந்தது. கொழும்பிலும் கண்டியிலும் நிகழ்ந்தவை அந்நாட்களில் நாடெங்கும் தெரிந்திருந்தன. ஆகவே எவரும் வந்து இரகசியமாகச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. நாட்டின் நடப்பே முன்னறிவிப்பாக நின்றது. 27ஆந் திகதி முற்பகல் பத்தரை மணியளவில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னே தமிழர் ஒருவரின் மோட்டார்ச் சைக்கிள் எரிக்கப்பட்டது. நண்பகலளவிற் கடைவீதி எரிந்தது. அதன்பின் குடியிருப்பு வீடுகள். கும்பல், கைப்பற்றிய வான்களிலும் பஸ் வண்டிகளிலும் ஏறி, ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என ஊர் ஊராகச் சென்றது. இரவாகுமுன் லுணுகலையும் எரிந்தது. மூன்று நாள் முன்னறிவிப்பும், முதல் தீக்கும் கடைவீதித் தீக்கும் இடையே ஒன்றரை மணி நேரமும், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே மலைப்பாதையும் இருந்தன. இவற்றுள் ஒன்றேனும் பயன்படுத்தப்படவில்லை. இரு வளைவுகளில் வண்டியை மறித்து நிறுத்தக்கூடிய அப்பாதைகளை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும்.

பதினேழு ஆண்டுகளின்பின் நிகழ்ந்தது பிந்துனுவெவைப் படுகொலை. பண்டாரவளையை அடுத்துள்ள பிந்துனுவெவையில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம் ஒன்று இருந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து சரணடைந்தோரும், ஐயத்தின்பேரிற் பிடிபட்டோருமாகிய தமிழ் இளைஞர் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். அது சிறைச்சாலை போன்ற உயர்ந்த மதில்களும் கடுங்காவலும் உடையதன்று. திறந்த முகாமாகவே நடத்தப்பட்டது. அயலூரவரோடு சிரமதானப் பணிகளிலும் அவ்விளைஞர் ஈடுபட்டதுண்டு. 2000ஆம் ஆண்டு ஒக்தோபரில் அங்கிருந்தோர் 41 பேர். பாராளுமன்றத் தேர்தல் அம்மாதம் 10ஆந் திகதிதான் நடந்து முடிந்திருந்தது. போர்க்காலக் காழ்ப்பு எங்கும் நிறைந்திருந்த வேளை அது.

24ஆந் திகதி மாலை முகாமினுள்ளே பூசல் ஒன்று எழுந்தது. விடுதலை தாமதமாவதும் கடிதங்கள் உரிய காலத்திற் கிடையாமையும் இளைஞரின் குறைகளாயிருந்தன. அவர்களுக்கும் முகாம் அதிகாரிக்கும் வாக்குவாதம் மூண்டது, பொருள்கள் சேதமாயின, காவலிலிருந்த பொலிசார் வானை நோக்கி வெடிவைத்தனர். அன்றிரவே ஊரவர் முகாமருகே திரண்டனர். மேலதிக பொலிசார் வரவழைக்கப்பட்டனர். இரவோடிரவாகப் பண்டாரவளைப் பகுதியிற் சுவரொட்டிகள் தோன்றின. முகாம் அகற்றப்படவேண்டும் என்பது அவற்றின் கூற்று. இவ்விடத்து ஆராய்வோன் சற்றே நிற்றல் வேண்டும். பிற இடங்களில் முன்னறிவிப்பு என்பது எங்கோ ஒருவர் காதோடு சொன்ன சொல். அதன் மெய்ம்மையை ஐயுறலாம். பிந்துனுவெவையிலோ திரண்ட கூட்டத்தைப் பொலிசார் கண்ணாற் கண்டிருந்தனர், சுவர்களே அறிவித்துக்கொண்டிருந்தன. ஐயுறுதற்கு இடமே இல்லை.

25ஆந் திகதி காலை இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரை மதிக்கப்பட்ட கூட்டம் கத்திகளும் பொல்லுகளும் கொண்டு முகாமினுட் புகுந்தது. கட்டடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 60 பொலிசார் அவ்விடத்தில் ஆயுதங்களுடன் இருந்தனர். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 95ஆம் பிரிவின்படி, பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அலுவலர் ஒருவர் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்துபோகுமாறு கட்டளையிடலாம். கலையாவிடிற் பலத்தாற் கலைக்கலாம். கூட்டத்தைக் கலைக்கத்தக்க எம்முயற்சியும் மேற்கொள்ளப்படவில்லை என்பதே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் விசாரணையிற் கண்டது. பொலிஸ் வண்டியில் ஏறி உயிர் தப்ப முயன்றோரும் தாக்கப்பட்டனர். இளைஞரை நோக்கியே பொலிசாரின் துப்பாக்கி வெடித்ததும் உண்டு. 27 பேர் மாண்டனர். 14 பேர் காயங்களுடன் பிழைத்தனர். அடுத்த நாட்களில் மலையகத் தோட்டப்புற நகரங்களிற் கண்டனமும் கலகமும் எழுந்து ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

காவற்றுறையினர் வரவில்லை என்று பிந்துனுவெவையைப் பற்றிக் கூறல் இயலாது. அவர்கள் வந்தனர், இரவு முழுவதும் நின்றனர். செய்தி நிலையத்தை எட்டியது, மேலதிகாரிகளை எட்டியது, ஆளணியையும் நகர்த்தியது. எட்டாதது ஒன்றே: நின்றிருந்தோர் யாரைக் காத்தற்கு நிற்கின்றனர் என்னும் தெளிவு. இளைஞரை அவ்விரவே பாதுகாப்பான பிறிதோர் இடத்துக்கு மாற்றியிருக்கலாம். தியத்தலாவைப் படைமுகாம் சில மைல் தொலைவிலேயே இருந்தது. மாற்றப்படவில்லை. முகாமிலிருந்த தமிழிளைஞரே அபாயத்தின் தோற்றுவாய் என்று கருதிய கண்ணுக்கு, அவர்களே அபாயத்துக்கு ஆளாகப்போவோர் என்பது புலப்படவில்லை போலும். 1817இல் வில்சன் செய்தியின் பொருளைப் பிறழ உணர்ந்தமை அறியாமை. இதனை அறியாமை எனல் பொருந்தாது.

இப்படுகொலை பற்றி ஆராய நீதியரசர் பி. எச். கே. குலதிலக தலைமையில் ஆணைக்குழு ஒன்று 2001இல் அமைக்கப்பட்டது. வழக்கு, தனிப்பட்ட நீதாயம் ஒன்றின்முன் விசாரிக்கப்பட்டு, 2003 யூலையில் இரு பொலிஸ் அலுவலரும் மூன்று ஊரவரும் மரணதண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். பொலிசாரைக் குற்றவாளிகளாகக் கண்டமைக்கு அடிப்படை, செய்யவேண்டியதைச் செய்யாமை குற்றமாகலாம் என்பது. 2005 மே 27ஆந் திகதி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்புகளை நீக்கி அவர்களை விடுவித்தது. ஆகவே 27 உயிர்களுக்குத் தண்டனை பெற்றவர் ஒருவருமிலர். செயலின்மையைக் குற்றவியற் சட்டத்துள் நிறுவுதல் எளிதன்று. சட்டவிரோதக் கூட்டத்தின் நோக்கத்தில் அலுவலரும் பங்குகொண்டார் என்று ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தல் வேண்டும். வாளாவிருந்தார் என்பது மட்டும் போதாது. இவ்விடைவெளியிலேயே பிந்துனுவெவை வழக்கு வீழ்ந்தது எனலாம்.

முன்னறிவிப்பைத் தவறவிடுதல் இலங்கைக்கே உரியதன்று. 2018 சனவரி 5ஆந் திகதி அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் பொதுமக்கள் தொலைபேசிக்கு ஒரு பெண் அழைத்து, புளோரிடாவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் துப்பாக்கிகள் வைத்திருப்பதையும், பாடசாலையொன்றிற் புகுந்து சுடக்கூடும் என்னும் அச்சத்தையும் விரிவாகத் தெரிவித்தார். அத்தகவல் மயாமியிலுள்ள அலுவலகத்துக்கு அனுப்பப்படவில்லை. பெப்ரவரி 14ஆந் திகதி பார்க்லண்டு நகரப் பாடசாலையில் அவன் 17 பேரைக் கொன்றான். ஆங்கே சொல் ஒரு மேசையில் நின்றது. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குத் தகவலை அனுப்பும் முறை திருந்தின், அத்தகைய தவறு குறையலாம். சொல் எல்லா மேசைகளையும் கடந்து சென்றபின்னும் நிகழ்ந்த தவற்றுக்கு அம்மருந்து பயன்படாது.

அவ்வாறு கடந்து சென்ற மற்றொரு செய்தியை 2019இல் இலங்கை முழுவதும் கண்டது. சகரான் என்பவனின் போக்கைக் காத்தான்குடி முஸ்லிம்கள் பல காலத்துக்கு முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். ஏப்பிரல் 4ஆந் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 9ஆந் திகதி அது பொலிஸ் மா அதிபருக்கு எழுத்தில் அனுப்பப்பட்டது. 11ஆந் திகதி பொலிஸ் பிரிவுகள் சிலவற்றுக்குச் சுற்றறிக்கையாயிற்று. 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 சனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், எச்சரிக்கை பெற்றும் உரியவாறு செயற்படாமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதாகும் என்று தீர்ப்பளித்து, முன்னாட் சனாதிபதியையும் நான்கு உயர் அதிகாரிகளையும் தம் சொந்தப் பணத்திலிருந்து மொத்தம் 31 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. குற்றவியல் வழக்கிற் கைக்கெட்டாதிருந்த செயலின்மை, அடிப்படை உரிமை வழக்கிற் பொறுப்பாக நிறுவப்பட்டமை இத்தீர்ப்பின் சிறப்பு.

பிந்துனுவெவை நிகழ்ந்தபோதும் அரசியலமைப்பின் அதே உறுப்புரைகள் இருந்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவும் இருந்தது. ஆயினும் அடிப்படை உரிமை மனுவைப் பொதுவாக ஒரு மாதத்துள் தாக்கல் செய்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டு அந்த ஒரு மாதத்தில், உயிர் தப்பியோர் காயமுற்று, அரசின் தடுப்புக்குட்பட்டவராகவே இருந்தனர். அவர்களின் உறவினர் பெரும்பாலும் போர் நடந்த வடக்குக் கிழக்கிலே இருந்தனர். அவ்விரவில் எவர்க்கு எச்செய்தி எந்நேரம் கிடைத்தது, அவர் யாது செய்தார் என்பவற்றைச் சாட்சிகளைக் கொண்டு ஆராய்ந்த குலதிலக ஆணைக்குழு தன் அறிக்கையைச் சனாதிபதியிடம் கையளித்தது. அரசாங்கம் அதனை அக்காலத்தில் மக்கள் பார்வைக்கு வெளியிடவில்லை.